யார் பக்கத்துக் கோபம்

எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்புத்தான். எழுத்துக் கோணலாக வரும், மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிப் பிள்ளைப்பேற்று வாட்டில் நான் சிற்றூழியராக இருந்த கடைசிக் காலத்தில் நடந்ததை, இப்போது அந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

வவுணதீவுப் பக்கத்துப் பெண் ஒருத்தி, முதல் பிரசவம். கஞ்சி சுடுகிறது என்று கோப்பையைத் தாதி மிசியின் மேல் எறிந்துவிட்டாள். எறிந்த கையோடு அவளே அழுதாள். வீட்டில் புருசன் மேலும் இப்படித்தான் எறிவாளாம். ஆனால் குழந்தையைத் தூக்கினால் ஆள் வேறு. முட்டையைப் பிடிப்பதுபோல் பிடிப்பாள்.

டொக்டர் அவளுடைய தாயையும் மாமியாரையும் கூப்பிட்டு விசாரித்தார். அவளுடைய தகப்பனும் யோசிக்காமல் கைநீட்டுகிறவர் என்று தாய் சொன்னார். இப்படியான குணம் கொஞ்சம் பிறப்போடு வரலாம், மிச்சம் வளர்கிற வீட்டையும் படுகிற பாட்டையும் பொறுத்தது, மருந்தும் பேச்சும் உதவும் என்று டொக்டர் விளங்கப்படுத்திவிட்டுப் போனார். இரண்டு பேரும் பிடித்துக்கொண்டது முதல் சொன்னதை மட்டும்தான்.

எங்கள் பகுதியில் பிள்ளை தாயின் குடியை, அதாவது தாய்வழி வம்சத்தைச் சேரும்; கல்யாணம் கட்டினால் புருசன் பெண் வீட்டில்தான் இருப்பான். மாமியார் கட்டிலடியிலேயே அதில் தொடங்கினார்.

"கேட்டீங்களா மச்சாள்? நெருப்புப்பெட்டிய எங்கட தலையில கட்டிட்டீங்க. பிள்ளை உங்கட குடிதானே, நீங்களே கொண்டு போங்க. என்ட மகன் இனி அந்த வீட்டுக்கு வரமாட்டான்."

தாய் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எங்கட குடியில இந்தக் குணம் இல்ல. இது அவள்ர தகப்பன் வழி. இளையவளுக்குச் சம்பந்தம் பேசுற நேரம், இவள எப்பிடி நான் வீட்டில வெச்சிருக்கிற?"

அவள் படுத்தபடி எல்லாம் கேட்டாள். எதையும் எறியவில்லை. அதைப் பார்த்து நான் ஆறுதல்பட்டேன்.

வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு வெட்டிய அன்று அவளைக் கூட்டிப்போக இரு பக்கத்திலிருந்தும் ஆள் வரவில்லை. பால் கொடுக்கச் சொல்லிக் குழந்தையை நீட்டினேன். அவள் கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் பெரியம்மா. இது எங்கட அப்பாட கை."

நீ ஒருநாளும் அதை நோகப் பிடிக்கவில்லையே மகள் என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். டொக்டரும் சொல்லிப் பார்த்தார். பிறகு, பார்க்க ஆளில்லாத பிள்ளைகளைப் பொறுப்பெடுக்கும் நன்னடத்தை அலுவலர் வந்து குழந்தையைக் கொண்டுபோனார். அவளை மனநல வாட்டுக்கு மாற்றினார்கள்.

நான் படித்தது இதுதான்: உறவுக்காரர் வாய்விடத் தொடங்கினால் கட்டிலடியிலிருந்து வெளியே கூட்டிப்போங்கள். அப்படிச் செய்திருந்தாலும் அவளுக்குப் போக ஒரு வீடு இருந்திருக்காது.

டொக்டர் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதியிருக்கிறேன். பிறப்போடு வருவது எவ்வளவு, வராதது எவ்வளவு என்று தெரிந்த ஒருவர் பார்த்துத் திருத்துங்கள். அரைகுறையாக அச்சில் வர வேண்டாம். அவளைப்போல் ஒருத்தி வாசிக்கக்கூடும்.