இரண்டு கிராம்

மரியஜானின் கை மரியஜான் பேச்சையே கேட்காது. தேங்காய்ப்பட்டணத்திலும் சுற்றுவட்டாரத்திலும் பதினைந்து வருஷம் மைக் செட்டில் ரெக்கார்டு சுழற்றிய கை அது. திருவிழாவில் பிள்ளைகள் ஓடிப் பலகை ஆடி முள் துள்ளினால் அவர் அசரமாட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு துட்டை எடுத்து முள்ளின் தலையில் வைப்பார். பாட்டு ஒழுங்காக ஓடும். ரெக்கார்டு தேய்ந்துபோகுமே என்று யாராவது சொன்னால், "தேஞ்சா வேற வாங்குவோம்" என்பார். வாங்கவும் செய்தார்.

வேறு வாங்க முடியாத ரெக்கார்டு அவரிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எண்பத்தைந்தில் பங்குக் கோயிலின் பாடகர் குழு மெட்ராஸ் போய்ப் பதிந்தது. மூன்றாவது பாட்டில் இரண்டே வரி, அவர் மனைவி பேபி தனியாகப் பாடியிருந்தாள். பிறகு மகள் பெபிஷா பிறந்தாள். குழந்தைக்கு எட்டு மாதமாகும்போது மஞ்சள்காமாலை பேபியைக் கொண்டுபோயிற்று. அன்று மூடிய ரெக்கார்டு ஓட்டும் பெட்டியை மரியஜான் திறக்கவே இல்லை. தொழிலைக் கேசட்டுக்கு மாற்றிக்கொண்டார். அவள் குரலைக் கேட்டால் தாங்காது என்று பயம். இவர் பயந்துகொண்டிருந்தால் உப்புக்காற்று சும்மா இருக்குமா? முள்ளைத் தாங்கும் கேட்ரிட்ஜ் பெட்டிக்குள்ளேயே செத்துவிட்டது. கோயிலில் இருந்த மற்றப் பிரதிகளைச் சுனாமி வாரிக்கொண்டது.

குவைத்தில் நர்ஸாக இருக்கும் பெபிஷா இந்த முறை லீவுக்கு வந்தபோது கேட்டாள். "அப்பா, எங்கூட வேலை பாக்கியவ தெனமும் அவளுக்க அம்மைகிட்ட போன்ல பேசுவா. எனக்கு அம்மைக்க சத்தத்த ஒருக்கா கேக்கணும். நான் போவதுக்கு முன்ன."

"கேக்கலாம் மக்கா" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விமானம்.

மறுநாளே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினார். பழைய ரேடியோக்களைப் பழுது பார்க்கும் ஞானதாசன் இரண்டு கேட்ரிட்ஜ்களை மேஜையில் வைத்தார்.

"அண்ணாச்சி, இது ஒங்க பழைய வகை. சத்தம் நல்லா எழும்பும். ஆனா பாரம் கூடுதல், ரெக்கார்ட அரம் மாதிரி ராவிரும். இந்தச் சின்னது காந்த வகை. கூட ஒரு ஆம்ப்ளிஃபயர் வேணும். ரெண்டு கிராம் பாரம் போதும். கூடினா முள்ளு ஒடிஞ்சிரும்."

மரியஜான் இரண்டையும் மாறி மாறி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஒரு மணி நேரம் போயிற்று. உரக்கக் கேட்பதுதான் நல்ல பாட்டு என்று வாழ்நாளெல்லாம் நம்பியவர், கடைசியில் சின்னதைக் காட்டினார்.

"இதையே மாட்டும். அவளுக்கு நோவப்பிடாது."

ஞானதாசன் சிரிக்கவில்லை. குட்டித் தராசில் முள்ளை நிறுத்தி, இரண்டு கிராம் சரிபார்த்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் பெபிஷா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். "வெறும் ரெண்டு கிராம், பாத்துக்க" என்று அவளுக்கும் பாடம் நடத்திவிட்டுத்தான் முள்ளை இறக்கினார். இரண்டு பாட்டு நன்றாக ஓடியது. மூன்றாவதில் குழு பாடி ஓய்ந்தது. பேபி மூச்சு இழுப்பது கேட்டது.

"அம்மையா?" என்றாள் பெபிஷா.

அந்த இடத்தில் முள் துள்ளிப் பின்னால் போயிற்று. மறுபடி குழு, மறுபடி மூச்சு, மறுபடி துள்ளல்.

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காது. முப்பத்தேழு வருஷம் பொறுத்த மனிதர் மூன்றாவது துள்ளலுக்குப் பொறுக்கவில்லை. கை சட்டைப் பைக்குப் போயிற்று. தடித்த அஞ்சு ரூபாய்த் துட்டு ஒன்று முள்ளின் தலையில் ஏறிற்று. பாவி மனிதர், வைத்த பிறகுதான் தாம் என்ன செய்தோம் என்று பார்த்தார். முள் மடங்கி ஒடிந்தது. மிஞ்சிய கம்பி அந்தப் பாட்டின் குறுக்கே கிழித்துக்கொண்டு நடுவில் ஒட்டிய தாள் வரை போயிற்று.

ஞானதாசனுக்குப் போன் போட்டார். "குறுக்க கீறிட்டா? இனி எந்த முள்ளும் அங்க நிக்காது அண்ணாச்சி" என்றார் அவர்.

பெபிஷா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாரமில்ல அப்பா, போனாப் போவட்டும். அம்மை எப்பிடிப் பாடுவா? நீங்க பாடிக் காட்டுங்க, போதும்."

மரியஜான் வாயைத் திறந்தார். வரி இரண்டும் நினைவிருந்தன. மெட்டும் இருந்தது. பாடாமலே வாயை மூடிக்கொண்டார்.

"எனக்கும் ஒருக்கா கேக்கணும்னுதான் இருந்துது மக்கா" என்றார். "அவளுக்க சத்தம் எனக்கு எப்பவோ மறந்து போச்சு."