ஒரே மேசை, இரண்டு சம்பளம்

துணிக்கடையில் கால்கடுக்க நின்றவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை: எந்தச் சேலையின் விலையும் எங்களுக்குப் பாடம், பக்கத்தில் நிற்பவரின் சம்பளம் மட்டும் தெரியாது.

நீட்டிய சீட்டு

யாழ்ப்பாண நகரில் ஒரு கடையின் சேலைப் பகுதியில் பதினொரு வருடமாக நிற்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்தான் திவாகரன் சேர்ந்தார். எது பட்டு, எது கலப்பு என்று தொட்டுப் பார்க்கப் பழக்கியது நான். ஒருநாள், சேமலாப நிதிக்கு எவ்வளவு வெட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லித் தன் சம்பளச் சீட்டை நீட்டினார். நான் பார்த்தது வேறொரு வரியை. என்னுடையதைவிடப் பன்னிரண்டாயிரம் கூட. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனக்கா, உங்களுக்கும் உவ்வளவுதானே?"

மேல்பாதி இல்லாத தாள்

வாய்ப்பேச்சை ஆர் நம்புவார்கள்? பெண்களுக்குத்தான் குறைவு என்று காட்ட மற்றப் பெண்களிடம் சீட்டுக் கேட்டேன். நாலு பேர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள். குருநகரிலிருந்து வரும் ஜெசிந்தா மட்டும் மூன்றாம் நாள் சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து எடுத்துத் தந்தாள். பெயர் இருந்த மேல்பாதியைக் கிழித்திருந்தாள். "கோவிக்காதையுங்கோ அக்கா, தாள் உங்களுக்கு, வேலை எனக்கு."

நாளைய குடும்பம்

முதலாளியிடமே கேட்டேன். என் கணவர் செத்து ஆறு வருடம், இரண்டு பிள்ளைகளை நான்தான் படிப்பிக்கிறேன். திவாகரனுக்கு இன்னும் கலியாணமே ஆகவில்லை. இரண்டும் முதலாளிக்குத் தெரியும். கணினியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: "ஆம்பிளையெண்டால் நாளைக்கு ஒரு குடும்பம் பாக்கவேணும், பிள்ளை."

பெயருள்ள தாள்

முறைப்பாடு கொடுக்கப் போனேன். தொழில் அலுவலகத்தில் இருந்த அதிகாரி அம்மா பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் ஜெசிந்தாவின் தாளைத் திருப்பித் தந்துவிட்டார், பெயரில்லாததை வைத்து எதுவும் எழுத முடியாதாம். அதைக் கேள்விப்பட்ட திவாகரன், பஸ் நிலையத்தில் தன் சீட்டைப் பெயரோடு என் கையில் வைத்தார். வேலை போய்விடுமே என்றேன். அவர் சிரித்தார். "எனக்கு வேறை கடை கிடைக்கும், அக்கா. நீங்கள் கொண்டுபோய்க் குடுங்கோ."

பழைய திகதி, புது மை

இரண்டு கிழமையில் அந்த அம்மா கடைக்கு வந்தார். முதலாளி ஆறுதலாக, அவசரமே இல்லாமல், ஒரு கடிதத்தை எடுத்து வைத்தார். திவாகரன் சேர்ந்த நாளிலிருந்தே மேற்பார்வையாளராம்! அப்படி ஒரு கடிதத்தைத் திவாகரனே கண்டதில்லை. பதவி வேறு, சம்பளமும் வேறு என்று கோப்பு மூடப்பட்டது. அந்த அம்மா போனபின் திவாகரன் என்னிடம் வந்து, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஆரை மேற்பார்வை செய்யிறன் எண்டு கேட்டன், அக்கா. உங்களையாம்."

சம சம்பளம் கேட்டு ஆதாரம் திரட்டப்போன எனக்குக் கடைசியில் கிடைத்தது, நானே தொழில் பழக்கிவிட்ட ஒரு மேலதிகாரி.