பூட்டிக்கொண்ட அடக்க வீடியோ

தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் எதனால் கெட்டாலும் பழி உப்புக்காற்றின் மேல்தான் விழும். அன்று காலையில் நானும் அதைத்தான் திட்டினேன். கல்யாணம், சர்ச்சில் பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை, அடக்கம் என்று எது நடந்தாலும் வீடியோ எடுத்துக் கொடுக்கிற சின்ன ஸ்டூடியோ என்னுடையது. எடிட்டிங் செய்கிற கம்ப்யூட்டரில் மவுஸை நகர்த்தினால் அம்பு யோசித்து யோசித்து நகர்ந்தது. பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். நான் டீயை ஊதி ஊதிக் குடித்த நேரத்தில் உள்ளே எவனோ ஒவ்வொரு ஃபைலாகப் பூட்டிக்கொண்டிருந்தான்.

அவனாக வரவில்லை, நான்தான் வரவழைத்தேன். புதிய எடிட்டிங் சாஃப்ட்வேர் ஒன்று வந்திருந்தது. காசு கொடுத்து வாங்க மனமில்லாமல், இலவசமாகத் தருகிறோம் என்ற ஒரு வெப்சைட்டில் இறக்கினேன். எங்கள் தொழிலில் முக்கால்வாசிப் பேர் செய்கிற வேலைதான், அதைச் சொல்லிக்கொண்டு தப்பிக்கப் பார்க்கவில்லை. கூடவே ஒரு குறிப்பு இருந்தது. காசு கட்டாமல் அந்த சாஃப்ட்வேரின் பூட்டைத் திறக்கும் ஃபைலை ஓடவிடுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைத்துவிட வேண்டுமாம். வீட்டுக்கு வருகிறவன் நாயைக் கட்டிப்போடச் சொன்னால் பச்சைப்பிள்ளைகூட யார் நீ என்று கேட்கும். நான் கேட்கவில்லை. அணைத்தேன், க்ளிக் செய்தேன். ஒன்றும் நடக்காதது போல் இருந்ததால் இன்னொரு தடவையும் க்ளிக் செய்தேன்.

டீக்கடையிலிருந்து திரும்பி வந்தபோது எல்லா ஃபைலின் பெயருக்கும் பின்னால் அர்த்தமில்லாத நாலு எழுத்து வால்போல ஒட்டியிருந்தது. எதைத் திறந்தாலும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கிடந்தது. கவலைப்படாதே, உன் ஃபைல்கள் பத்திரமாக இருக்கின்றன, பணம் அனுப்பினால் சாவி தருவோம் என்று அன்பாக எழுதியிருந்தார்கள். நம்பிக்கைக்காக ஒரே ஒரு சின்ன ஃபைலை, முக்கியமில்லாத ஃபைலாகப் பார்த்து, சாம்பிளுக்குத் திறந்து காட்டுவார்களாம்.

அப்போதுதான் பக்கத்து ஊரான தருவைகுளத்தில் எடுத்த அடக்க வீடியோ ஞாபகத்துக்கு வந்தது. அந்த ஃபோல்டரைத் திறந்தேன், அதிலும் அதே வால்.

எங்கள் கரையில் பையன்கள் கப்பலுக்குப் போய்விடுவார்கள். தாயோ தகப்பனோ இறந்தால் நடுக்கடலில் இருக்கிறவன் வந்து சேர முடியாது. அதனால் அடக்கம் முழுவதையும் ஒன்றுவிடாமல் வீடியோ எடுத்து வைப்பது வழக்கம். அந்த மாதிரி வீட்டில் கேமராவுக்கு ஒரு மரியாதை உண்டு. மகனுக்கு வழி விடுவதுபோல் கூட்டம் விலகி, சவப்பெட்டியின் தலைமாட்டில் இடம் கொடுக்கும். தருவைகுளத்தில் இறந்துபோன அந்த அம்மாவின் தலைமாட்டிலும் அப்படித்தான் நின்றேன். கையில் செபமாலை, வாய் லேசாகச் சிரிப்பதுபோல் இருந்தது. கோயில், கல்லறைத் தோட்டம், கடைசிப் பிடி மண் வரைக்கும் எடுத்தேன். எடுத்தது நன்றாகவே வந்திருந்தது.

கப்பலில் இருந்த அவருடைய மகன், வீடியோவை அங்கே அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அங்கே பார்த்தால் தாங்க முடியாது, ஊருக்கு வந்து வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றாராம். அவருடைய தங்கச்சியோ, வீட்டில் இருந்தால் போட்டுப் போட்டுப் பார்ப்பேன், அண்ணன் வருகிறவரை உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லிப் பென் டிரைவில் போட்டு வாங்கிக்கொள்ளவே மறுத்துவிட்டது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? எங்கிட்ட இருந்தா பேங்க் லாக்கர்ல இருக்க மாதிரி தாயி என்றேன். அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிற என் மனைவியின் தம்பியை வரச்சொன்னேன். வந்ததும் நெட் வயரைப் பிடுங்கினான். வேறு எந்தப் பென் டிரைவையும் செருகாதீர்கள், அதையும் பூட்டிவிடும் என்றான். பிறகு, பேக்கப் எங்கே என்று கேட்டான். கம்ப்யூட்டரிலேயே செருகியிருந்த ஹார்ட் டிஸ்கைக் காட்டினேன். அதன் வயர் கொஞ்சம் லூஸ், கழற்றினால் மறுபடி பிடிக்காது என்று வருஷக்கணக்காகக் கழற்றாமலே வைத்திருந்தேன். அதிலிருந்த ஃபைல்களுக்கும் வால் முளைத்திருந்தது.

"அத்தான், ரெண்டு சாவியையும் ஒரே வளையத்துல போட்டுத் தொலைச்சிருக்கீய" என்றான். எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன தகுதி என்ற நினைப்பு பின்னாலேயே வந்தது.

வைரஸைத் துரத்தியது பெரிய வேலையாக இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் தயார் செய்து கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து மெஷினைக் கிளப்பி ஸ்கேன் செய்தான். ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்து அழித்தான். பூட்டிய ஃபைல்களை மட்டும் ஒரு புது டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டு, மெஷினை மொத்தமாகத் துடைத்து விண்டோஸை முதலிலிருந்து போட்டான். என் மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளையெல்லாம் அவனுடைய போனிலிருந்து மாற்ற வைத்தான். திருடன் போய்விட்டான், ஆனால் பூட்டு அப்படியே இருந்தது. இந்த மாதிரிப் பூட்டுகளுக்குச் சிலசமயம் இலவசமாகச் சாவி கிடைக்கும் என்று சொல்லி, அதற்கென்று இருக்கும் ஒரு வெப்சைட்டில் கொடுத்துப் பார்த்தான். எங்களுடையதற்கு இப்போதைக்கு இல்லை என்று வந்தது. என்றைக்காவது வரலாம், டிஸ்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

கேமராவின் கார்டில் பழையதை மீட்க முடியுமா என்றும் பார்த்தோம். அதன் மேலேயே கல்யாணங்களும் புதுநன்மையும் எடுத்துவிட்டிருந்தேன். மணப்பெண்கள் வந்தார்கள், அந்த அம்மா வரவில்லை.

பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தாலும் சாவி வரும் என்று நிச்சயமில்லை என்று மச்சினன் கண்டித்துச் சொல்லியிருந்தான். அவன் அந்தப் பக்கம் போனதும் நான் திருடனுக்கு மெயில் எழுதினேன். "ரெஸ்பெக்டட் சார்" என்று ஆரம்பித்தேன். இறந்துபோன ஒரு தாயின் வீடியோ, மற்றதெல்லாம் போகட்டும், அதை மட்டும் திறந்து கொடுங்கள் என்று கெஞ்சினேன். என்னை ஏமாற்றியவனுக்கு நான் கொடுத்த மரியாதையை என் அப்பாவுக்குக்கூடக் கொடுத்ததில்லை. பதில் வரவில்லை.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். டைட்டிலில் அந்த அம்மாவின் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தங்கச்சிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு சின்ன சாம்பிள் அனுப்பியிருந்தேன். சாம்பிள் அனுப்பும்போதெல்லாம் படத்தின் குறுக்கே ஸ்டூடியோ பெயரைப் பெரிதாகப் போட்டுத்தான் அனுப்புவேன். யாரும் என் உழைப்பைத் திருடிவிடக் கூடாதாம். என் பழைய சாஃப்ட்வேரும் திருட்டுதான், அதை வைத்துக்கொண்டுதான் அந்தப் பெயரைப் போட்டேன்.

மகன் ஊருக்கு வந்து, நேராக ஸ்டூடியோவுக்கு வந்தார். வெயிலில் கறுத்த ஆள், மெதுவான குரல். சொல்வதற்கு ஒரு கதையைத் தயாராக வைத்திருந்தேன்.

"வைரஸ் வந்துட்டு தம்பி, எல்லாம் போயிட்டு" என்றேன், ஏதோ காய்ச்சல் வந்ததுபோல.

அவர் திட்டவில்லை. கப்பலிலும் கண்ட பென் டிரைவைச் செருக விடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு, எப்படி வந்தது என்று கேட்டார். வேலை தெரிந்தவன் இன்னொரு வேலைக்காரனிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உப்புக்காற்றைச் சொல்ல முடியவில்லை.

"தானா வரல்ல தம்பி. ஓசிக்கு ஆசப்பட்டு நாந்தான் கதவத் திறந்து விட்டேன்."

அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் போனை எடுத்துத் தங்கச்சி அனுப்பிவைத்திருந்த சாம்பிளை ஓடவிட்டார். என் ஸ்டூடியோவின் பெயர் அந்த அம்மாவின் வாயையும் தாடையையும் மறைத்துக்கொண்டு மஞ்சளாக நின்றது. கண்ணாடியில் தூசி துடைப்பதுபோல் அந்த எழுத்தின் மேல் பெருவிரலால் தேய்த்தார்.

"இந்தப் பேர மட்டும் எடுக்க முடியுமா அண்ணாச்சி?"

எடுக்கலாம் என்றேன். அதற்கென்று சாஃப்ட்வேர் இருக்கிறது, இந்தத் தடவை காசு கொடுத்தே வாங்குகிறேன் என்றேன். ஆனால் எழுத்துக்கு அடியில் இருப்பது அதற்குத் தெரியாது. அது தானாக ஊகித்து ஒரு வாயை வரைந்து வைக்கும். அதையும் மறைக்காமல் சொன்னேன்.

அவர் போனை அணைத்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அப்ப வேண்டாம். அது எங்கம்மா வாயா இருக்காது."

வாசல் வரைக்கும் கூடவே போனேன். அவர் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். அவர் எந்தக் கடலில் அந்தப் போனைத் திறந்து அம்மாவைத் தேடினாலும், முதலில் தெரிவது என் பெயர்தான்.