உட்கார்ந்து வாசித்த தேசிய கீதம்

என் நாத்தனார் ஆல்வீனா கூபெனா வாழ்க்கையில் பெரிதாக எதையும் கேட்டவள் இல்லை. கேட்டது ஒன்றே ஒன்று. ஜூலை நாலாம் தேதி, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று, டெக்சாஸில் எங்கள் லிபோவா ஊர் மொத்தமும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் கை வைத்து எழுந்து நிற்கும்போது, தேசிய கீதத்தைத் தன் பெடல் ஸ்டீல் கிட்டாரில் வாசிக்க வேண்டும். அவ்வளவுதான். இதற்குத்தான் அவ்வளவு ரகளை.

அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் ரொட்டி போடுகிறவள். மாவு பிசையும்போது அவளுடைய கைகளைப் பார்க்காதீர்கள், கால்களைப் பாருங்கள். இடது பாதம் தரையில் இல்லாத மிதிகளை மிதித்துக்கொண்டிருக்கும். முட்டி இரண்டும் பக்கவாட்டில் எதையோ தள்ளிக்கொண்டிருக்கும். புதிதாக வேலைக்கு வந்த ஒருத்தி, "இந்தம்மாவுக்கு வலிப்பு ஏதாச்சும் இருக்கா?" என்று என்னிடமே கேட்டாள். "வலிப்பு இல்லடி, வாசிப்பு" என்றேன்.

அந்த வாத்தியத்தைத் தொட வைத்தது அவளுடைய மூத்த அண்ணன் லாடிஸ், என் வீட்டுக்காரருக்கும் அண்ணன். பருத்தி எடுத்த கூலியில் வாங்கிய, மடியில் வைத்து வாசிக்கும் சின்ன ஸ்டீல் கிட்டாரை அவளிடம் கொடுத்துவிட்டுப் போருக்குப் போனான். பசிபிக்கில் ஏதோ ஒரு தீவில் போய்ச் சேர்ந்தான், திரும்பவில்லை. தேவாலயத்துக்கு முன்னால் இருக்கும் கல்லில் அவன் பெயர் இருக்கிறது. ஆல்வீனா அழுது நான் பார்த்ததில்லை. வாசித்துத்தான் பார்த்திருக்கிறேன்.

பிறகு எமில் கூபெனாவைக் கட்டிக்கொண்டாள். எமிலுக்குக் காற்றில் சுற்றி நீர் இறைக்கும் காற்றாடிகளைப் பழுது பார்க்கிற வேலை, பற்றவைப்பு வேலை. சான் அன்டோனியோவில் பாட்டுக் குழுவை விட்டு விலகிய ஒருவருக்கு அவன் காற்றாடியைச் சரிசெய்து கொடுத்தான். அவர் கைம்மாறாகத் தன் பெடல் ஸ்டீலைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். மேசை மாதிரி நாலு காலில் நிற்கும். மேலே பத்துக் கம்பி. இடது கையில் ஓர் எஃகு உருளை, வலது கை விரல்களில் மாட்டும் நகங்கள், இடது பாதத்துக்கு மூன்று மிதி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வலது பாதத்துக்கு ஒன்று, முட்டிகளுக்கு நெம்புகோல்கள். உடம்பில் சும்மா இருப்பது மூக்கு மட்டும்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் நடன மண்டபத்தில் அவள்தான் ஸ்டீல். பின் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில். பீர் குடித்துவிட்டு அழுகிறவர்களுக்கு அவள் வாசிப்பு வேண்டும். வாசிக்கும்போது அவள் முகம் யாருக்கும் தெரியாது.

ரகளை நடந்தது நாட்டுக்கு இருநூறு வயது ஆன வருஷம். எங்கு பார்த்தாலும் கொடி. கோழிக்கூண்டுக்குக்கூடக் கொடி கட்டினார்கள். எங்கள் ஊர்ப் பித்தளைக் குழல் குழுவை ஹூஸ்டனில் பெரிய விழாவுக்கு அழைத்துவிட்டார்கள். அவர்களும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். அப்படியானால் லிபோவாவில் தேசிய கீதம் யார் வாசிப்பது?

விழாக் கமிட்டிக் கூட்டத்தில் ஆல்வீனா எழுந்தாள். "நான் வாசிக்கிறேன்."

கமிட்டித் தலைவர் ரூடோல்ஃப் ஃபோய்டிக். லாடிஸின் கூட்டாளி. இருவரும் ஒரே நாளில் பட்டாளத்துக்குப் போனவர்கள். இவர் மட்டும் திரும்பி வந்தார். நல்ல மனிதர். ஆனால் ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான். நானும் அந்த ரகம், அதனால் எனக்கு நன்றாகத் தெரியும்.

"எதுல வாசிப்பே?" என்றார்.

"என் ஸ்டீல்லதான், ரூடி அண்ணே."

"உக்காந்துக்கிட்டா?"

"அது உக்காந்துதான் வாசிக்க முடியும்."

"அப்ப முடியாது. அந்தப் பாட்டு போடும்போது இந்த ஊர்ல ஒருத்தனும் உக்காரமாட்டான்."

"ஊர்வலத்துல குதிரை மேல கொடி பிடிச்சுக்கிட்டு வர்றாங்களே, அவங்க உக்காந்துதானே இருக்காங்க?"

"குதிரை நிக்குதில்ல?"

கூட்டமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், பிறகு ஆல்வீனா முறைத்ததும் நிறுத்திக்கொண்டேன்.

"இசைத்தட்டு வாங்கியாச்சு. அதைப் போட்டுக்கலாம்" என்றார் ரூடி.

"தட்டு மட்டும் நிக்குதாக்கும்? அதுவும் படுத்துக்கிட்டுத்தானே சுத்துது!"

"தட்டு மனுஷன் இல்ல ஆல்வீ. மரியாதை மனுஷனுக்குத்தான்." அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நான் யாருக்காக நிக்கிறேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நானும் அவனுக்காகத்தான் உக்காரணுங்கறேன்."

ரூடி தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, "நின்னு வாசிச்சா வாசி" என்று கூட்டத்தை முடித்துவிட்டார்.

சரி, நிற்கிறேன் என்று கிளம்பிவிட்டாள். எமில் தன் பட்டறையில் ஸ்டீலுக்கு நீளமான கால்கள் பற்றவைத்தான். மிதிகளுக்கும் நீளக் கம்பி வைத்தான். ரூடியே பார்க்க வந்தார், நானும் போயிருந்தேன். ஆல்வீனா நின்றாள். நின்றுகொண்டு வலது காலால் சத்த மிதியை அழுத்த வேண்டும். இடது காலால் இந்தப் பக்கம் மிதிக்க வேண்டும். இரண்டு காலும் வேலையில் இருந்தால் உடம்பை யார் தாங்குவது? முதல் அடி ஒழுங்காக வந்தது. இரண்டாவது அடியில் முட்டியை நெம்புகோலின் மேல் தள்ளினாள். ஆள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, கிரீஸ் வாளிக்குள் கையை விட்டு, எமில் கழுத்தைப் பிடித்துத் தொங்கினாள்.

"வாசிக்கிறாளா, நாட்டியம் ஆடுறாளா?" என்றேன்.

"நீ வாயை மூடு அண்ணி!" என்றாள்.

ரூடி சிரிக்கவே இல்லை. "தட்டைப் போட்டுக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். எமில் நீளக் கால்களை அறுத்துப் பழையபடி ஆக்கினான். ஆல்வீனா அன்று முழுக்க ரொட்டி மாவை அடித்த அடியில் மேசை உடையாமல் இருந்ததே பெரிது.

விழா நாளும் வந்தது. வெயில் என்றால் வெயில், டெக்சாஸ் ஜூலை வெயில். தேவாலயத் தோப்பில் ஊரே கூடிவிட்டது. ஒரு பக்கம் மாட்டிறைச்சி புகையில் வேகிறது, சாசேஜ் பொரிகிறது, நடுவில் பழம் வைத்து நான் சுட்ட கொலாச்சி ரொட்டிகள் தட்டுத் தட்டாகக் காலியாகின்றன. பிளம் வைத்தது முதலில் தீர்ந்தது, எப்போதும் அப்படித்தான். மேடையில் நடனக் குழு தயாராக இருந்தது. கீதம் முடிந்ததும் ஆட்டப் பாட்டு தொடங்க வேண்டும், அதனால் ஆல்வீனாவின் ஸ்டீலும் பின்னால், தன் இடத்தில், மின்சாரம் கொடுத்துத் தயாராக இருந்தது. மேடை ஓரத்தில் இசைத்தட்டுப் பெட்டி. ரூடி கொடிக்கம்பத்தடியில், பழைய பட்டாளச் சட்டையில், பொத்தான் திணறத் திணற நின்றார்.

இங்கேதான் அவர் பண்ணின காரியத்தைச் சொல்ல வேண்டும். தட்டு பத்திரமாக இருக்கட்டும் என்று, காலையிலிருந்து அதைத் தன் பிக்கப் வண்டியின் முன்கண்ணாடிக்கு அடியிலேயே வைத்திருந்தார். ஜூலை மாதத்தில்! எங்கள் ஊரில் அந்த இடத்தில் முட்டையை உடைத்து ஊற்றினால் வெந்துவிடும். தட்டு விளிம்பெல்லாம் நெளிந்து சருகு மாதிரி ஆகிவிட்டது. அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை. எமில் அதைச் சுற்றவிட்டு ஊசியை வைத்தான்.

எல்லோரும் எழுந்தோம். தொப்பிகள் இறங்கின. கைகள் நெஞ்சுக்குப் போயின. கொடி ஏறத் தொடங்கியது.

முதல் வரியிலேயே பாட்டு தள்ளாடியது. குடித்தவன் பாடுவது மாதிரி மேலே போகும், கீழே வரும். நாங்களும் கூடவே மேலே போனோம், கீழே வந்தோம். பாட்டு பாட்டுதானே, விட்டுவிட முடியுமா? பிறகு பாட்டு உச்சத்துக்கு ஏறுவதற்குச் சற்று முன்னால், ஊசி துள்ளிற்று. பாடின வரியே திரும்ப வந்தது. மறுபடி துள்ளிற்று. மறுபடி அதே வரி.

சொன்னால் நம்பமாட்டீர்கள், ஊர் மொத்தமும் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பாடியது! நிறுத்துவது மரியாதை இல்லை. அசைவதும் மரியாதை இல்லை. ரூடிதான் அந்தச் சட்டத்தை எங்களுக்குள் அடித்து இறக்கி வைத்திருக்கிறாரே. இறைச்சி வேகவைக்கிற ஆள் முள்கரண்டியைத் தூக்கினபடியே நிற்கிறான், அவன் முன்னால் இறைச்சி கரிகிறது. பாதிரியார் கண்ணுக்குள் வியர்வை வழிகிறது, துடைக்கவில்லை. கொடி கம்பத்தின் உச்சிக்குப் போய்விட்டது, பாட்டு போகவில்லை. ரூடி நெற்றியில் கை வைத்த சல்யூட்டோடு சிலையாக நிற்கிறார். அவர் முகம் தக்காளியாகிவிட்டது. அவரே போட்ட சட்டம், அவராலேயே அசைய முடியவில்லை.

நான் பல்லுக்குள்ளேயே எமிலைக் கூப்பிட்டேன். "டேய் எமில், ஏதாச்சும் பண்ணுடா!"

"எப்படி அண்ணி? பாட்டு ஓடுதே!" என்று அவனும் உதட்டை அசைக்காமல் சொன்னான்.

அப்போதுதான் நான் மேடையின் பின்பக்கம் பார்த்தேன். ஆல்வீனா நெஞ்சிலிருந்து கையை எடுத்தாள். அவ்வளவு பேர் நிற்கிற இடத்தில், கொடிக்கு நேர் எதிரே, உட்கார்ந்தாள்.

ரூடியின் கண்கள் அவள் மேல் போனதைப் பார்த்தேன்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. உருளையைக் கம்பி மேல் வைத்து, தட்டு எங்கே தள்ளாடுகிறதோ அங்கேயே நகர்த்தி நகர்த்தி அதைப் பிடித்தாள். முதலில் சத்தமே கேட்கவில்லை. வலது பாதத்தை மெல்ல மெல்ல அழுத்தினாள். அந்த வரிக்கு அடியிலிருந்து ஸ்டீல் எழும்பி வந்தது. நோயாளியின் இடுப்பில் கை கொடுத்து எழுப்புவது மாதிரி, நெளிந்த பாட்டை நிமிர்த்தினாள். எமிலுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நெஞ்சில் வைத்த கையை எடுக்காமல், இடுப்புக்கு மேலே துளியும் அசையாமல், பூட்ஸ் முனையால் தட்டுப் பெட்டியின் ஒயரைக் கொக்கி போட்டு இழுத்தான். தட்டு ஒரு முனகலோடு செத்தது.

ஸ்டீல் மட்டும் இருந்தது. ஏறியது!

அந்த உச்ச இடம் எங்கள் யாருக்கும் குரலில் எட்டாது. ஆண்கள் அங்கே உறுமுவார்கள், பெண்கள் வாயை மட்டும் திறப்போம். பித்தளைக் குழல்காரர்களே அங்கே முகம் சிவந்து பிளிறுவார்கள். ஆல்வீனா முட்டியைத் தள்ளி, பாதத்தைச் சாய்த்து, மூன்று கம்பிகளை ஒன்றாக இழுத்து வழுக்கிக்கொண்டே மேலே போனாள். போய் அங்கேயே நின்றாள். என் கையில் ரோமம் எழுந்தது. பக்கத்திலிருந்தவர்கள் கத்தத் தொடங்கினார்கள். பாடியபடியேதான் கத்தினார்கள், மரியாதைக் குறைவெல்லாம் இல்லை. முள்கரண்டிக்காரன் அழுதான். புகை என்று பிற்பாடு சொன்னான்.

முடிந்தது. தொப்பிகள் பறந்தன. விசில், கைதட்டல், யாரோ பட்டாசுச் சரத்தையும் கொளுத்திவிட்டார்கள். அதற்குள் ரூடி கொடிக்கம்பத்தை விட்டு மேடைக்கு நடக்கத் தொடங்கியிருந்தார். அந்த நடையைப் பார்த்ததும் சத்தம் பிசுபிசுத்து அடங்கியது. படி ஏறினார். ஆல்வீனாவின் முன்னால் போய் நின்றார். ஆல்வீனா எழுந்திருக்கவில்லை. அப்படி ஒரு பிடிவாதம். அவள் பிறந்த குடும்பத்தில் வந்து வாழ்க்கைப்பட்ட எனக்கே அது பயம்.

"பாதியில இருந்துதானே வாசிச்சே?" என்றார் ரூடி.

"ஆமாண்ணே. முன்பாதி தட்டு வாசிச்சது."

"தட்டு வாசிச்சதெல்லாம் ஒரு வாசிப்பா?" திரும்பிக் கொடியைப் பார்த்தார். "கொடி ஏறிடுச்சு. அதுக்குக் கிடைச்சது பாதிப் பாட்டு. பாதிப் பாட்டோட கொடி ஏத்துனதா நாளைக்குப் பேர் வரக் கூடாது."

"அதுக்கு?"

"முழுசா வாசி."

"உக்காந்துதான் வாசிப்பேன்."

அவர் அவளுடைய பாதங்களைப் பார்த்தார். முட்டிகளைப் பார்த்தார். பிறகு ஒலிவாங்கியைப் பிடுங்கி, பட்டாளக் குரலில் கூவினார். "எல்லாரும் எந்திரிங்க!"

"நாங்க இன்னும் உக்காரவே இல்லையே!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்ப அப்படியே நில்லுங்க!" என்றார்.

ஸ்டீலை மேடையின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு நகர்த்தச் சொன்னார். எமிலோடு சேர்ந்து ஒரு பக்கக் கால்களை அவரே பிடித்தார். ஆல்வீனா நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு வந்து போட்டாள், பாவாடையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். வாசிக்க உட்கார்ந்த அவள் முகத்தை ஊர் முதல்முறையாகப் பார்த்தது.

ரூடி அவளுக்கு ஒரு கை தூரத்தில் விறைப்பாக நின்று, சல்யூட் வைத்தார்.

"ரூடி அண்ணே" என்றாள் ஆல்வீனா. "நான் கொஞ்சம் மெதுவாத்தான் வாசிப்பேன். வெயில் தாங்குவீங்களா?"

"தாங்குவேன்" என்றார். "நீ ஆரம்பி."