இசைத்தட்டின் உறையை வாசித்தேன்

இன்று குச்சவெளி பஸ்ஸில் இரண்டு இசைக்கலைஞர்கள் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார்கள். போன வருடம் சல்லிக் கடற்கரையில் நாங்கள் வலை இழுத்தபோது, நான் பாடிய அம்பாப் பாட்டை ஒலிப்பதிவு செய்த தம்பிமார்தான். அன்று ஒரு கடதாசியில் என் கைநாட்டும் வாங்கினார்கள்.

இப்போது அது இசைத்தட்டாகிவிட்டது. மடியில் ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார்கள்.

"கம்பனிக்காரர் பாடுறவன்ர பேரை முழுங்கிப்போட்டுத்தான் பாட்டை விக்கிறாங்கள் ஐயா," என்றார் தாடிக்காரத் தம்பி. "அதுதான் நாங்களே தட்டு அடிச்சு நாங்களே விக்கிறம்."

"நல்ல கதை தம்பி," என்று ஒரு தட்டை வாங்கி, உறையைத் திருப்பினேன்.

நான் எழுத்து வாசிக்கப் பழகி நாலு மாதம். அது அவர்களுக்குத் தெரியாது.

கிற்றார் வாசித்தவரின் பெயர் இருந்தது. படம் கீறியவரின் பெயர் இருந்தது. நன்றி சொன்ன இடத்தில் அவர்கள் வீட்டுப் பூனையின் பெயர்கூட இருந்தது. என் பாட்டுக்கு நேரே, 'பாடியவர்: ஒரு மீனவர்.'

எழுத்துக்கூட்டிச் சத்தமாகவே வாசித்தேன். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐயா... வாசிப்பீங்களோ?" என்றார் தாடிக்காரத் தம்பி.

"ஓம் தம்பி. எழுதவும் செய்வன். பேனை இருக்கோ?"

"ஐயோ, உறை பழுதாப்போனா விக்க ஏலாது ஐயா!"

கொண்டக்டரிடம் பேனை வாங்கினேன். கதிர்காமத்தம்பி என்பது நீளமான பெயர். பஸ் குலுங்கக் குலுங்க, சாம்பல்தீவு வரும்வரை எழுதினேன்.

ஒரு தட்டில்தான் எழுத முடிந்தது. மற்றத் தட்டுகளை வாங்குகிறவர்கள் தயவுசெய்து என் பெயரை நீங்களே எழுதிவிடுங்கள்.

பூனைக்கு மேலே.