வெட்டியது உள்ளே இருக்கும்

எங்கள் குடும்பத்தில் கேமரா வைத்திருந்த ஒரே ஆள் நான்தான். அதனால் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எதுவானாலும் கடைசிப் பந்தியில் ஆறிப்போன சாம்பாரோடு சாப்பிடுகிறவனும் நான்தான். சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எனக்குத் தட்டச்சு வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படங்களை அடுக்குவேன். வருஷம், விசேஷம், யார் வீடு என்று ஒவ்வொன்றுக்கும் போல்டர். நான் பெட்டியோடு குடும்பம் நடத்துவதாக என் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். எனக்கோ அதில் பெருமை. காரியம் கெட்டதும் அந்தப் பெருமையால்தான்.

அப்போது நான் வைத்திருந்தது இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருள். முகத்தைப் பார்த்து ஆளைப் பிரித்துக் காட்டும். படத்தை வெட்டலாம், வெளிச்சம் கூட்டலாம். பிடிக்காவிட்டால் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், எடுத்தபோது இருந்தபடியே பழைய படம் திரும்பி வந்துவிடும். அந்தப் பழைய படம் எங்கே இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. மென்பொருளுக்கு உள்ளே எங்கேயோ இருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். எவ்வளவு வெட்டினாலும் ஒன்றும் போகாது என்று பார்த்தவர்களிடமெல்லாம் அளந்துகொண்டு திரிந்தேன்.

என் அக்காவுக்கு ஒரே மகள். அந்தப் பிள்ளைக்கு ஆறு வயதாகும்போது அத்தான் இறந்துவிட்டார். அதிலிருந்து விசேஷ வீடுகளில் நான் கேமராவைத் தூக்கினாலே அக்கா தூண் பக்கமோ சமையல் பக்கமோ போய்விடுவாள். யாரும் அவளைப் போகச் சொன்னதில்லை. யாரும் வா என்றும் சொன்னதில்லை, நான் உட்பட.

மகளின் கல்யாணத்தன்றும் அப்படித்தான் ஒதுங்கி நின்றாள். தாரை வார்த்துக் கொடுத்தது வேறொரு உறவுக்காரத் தம்பதி. தாலி கட்டி முடிந்து, கூலிக்கு வந்த போட்டோகிராபர் சாப்பிடப் போயிருந்த நேரம். மகள் மேடையை விட்டு இறங்கி நேராகத் தூணுக்குப் போய், அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து தன் பக்கத்தில் நிறுத்தினாள். மாமா எடுங்க என்றாள். ஒரே ஒரு படம் எடுத்தேன். அக்கா மகளின் கையை முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடித்திருந்தாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் படத்தில் விழுந்திருந்தன. அத்தான் போன பிறகு அக்கா நேராகப் பார்த்து நின்ற படம் அது ஒன்றுதான்.

மறுவீட்டுக்குக் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து சம்பந்தியம்மா வந்திருந்தார். கம்ப்யூட்டரில் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். அந்தப் படம் வந்ததும் அடுத்ததுக்குப் போகவிடாமல் நிறுத்தினார். பிறகு, மணமேடைப் படத்தில் இது வேண்டாமே, ஆல்பத்தைப் பார்க்கிறவர்கள் நாலு வார்த்தை பேசுவார்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். டீக்கடையில் உட்கார்ந்து மூடப்பழக்கத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவன் நான். அன்றைக்கு அரை நிமிடத்தில் அக்காவை வெட்டினேன். சபையில் வாயைத் திறக்காத புரட்சி எதற்கு ஆகும்?

அக்கா என் பின்னால்தான் நின்றிருந்தாள். சம்பந்தியம்மா காபி குடிக்க எழுந்து போன பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அழிஞ்சிராதுல்லா?"

"அழியாதுக்கா. உள்ள இருக்கு. எப்ப வேணும்னாலும் எடுத்துத் தாரேன்."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. தன் படத்தை மகள் பக்கத்தில் மாட்டினால் மகளுக்கு ஆகாமல் போய்விடுமோ என்று பயந்திருப்பாள். அவள் கேட்காவிட்டாலும் நானாவது எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஒரு பிரிண்ட் போட பத்து நிமிடம் ஆகுமா? பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். கேமராவின் மெமரி கார்டையும் அந்த வருஷ ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தை எடுப்பதற்காகத் துடைத்துவிட்டேன்.

சில வருஷங்கள் கழித்து அந்த மென்பொருளை நடத்தியவர்கள் இனி இது கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். வேறொன்று வந்தது, அதற்கு மாதாமாதம் பணம் கேட்டது. நான் மாட்டேன் என்று வீம்பு பிடித்தேன். எல்லாவற்றையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிவிட்டுப் பழைய கம்ப்யூட்டரைத் தள்ளிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஏற்றப் போனால் இடம் போதவில்லை. தோண்டிப் பார்த்தபோது ஒவ்வொரு போல்டருக்குள்ளும் வெளிறிய நிறத்தில் இன்னொரு போல்டர் இருந்தது, உள்ளே அதே பெயரில் அதே படங்கள். ஒரே பெயரில் இரண்டு இரண்டு படம் எதற்கு என்று நினைத்தேன். ஒன்றையாவது திறந்து பார்த்திருக்கலாம். நான் பார்க்கவில்லை. ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து அத்தனை வெளிறிய போல்டரையும் அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். மூலப் படங்களெல்லாம் அதற்குள்தான் இருந்தன. சாயங்காலம் வேலை முடிந்த திருப்தியில் மனைவியைக் கூப்பிட்டு பிரியாணி வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். பழைய கம்ப்யூட்டர் புதியதற்கு எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது.

போன வருஷம் அக்காவின் மகள் காய்ச்சலில் இறந்துவிட்டாள். நாலே நாள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். அக்கா என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாள். "ஏலே, உள்ள இருக்குன்னு சொன்னேல்லா, அந்தப் படத்த எடு. இனி யாருக்கு ஆவாது?"

ஹார்டு டிஸ்க்கைப் போட்டேன். திரையில் மகள் தனியாக நின்றாள். பழைய பொத்தானைத் தேடினால் புதிய கம்ப்யூட்டரில் அப்படி ஒன்றே கிடையாது. அப்போதுதான் அந்த வெளிறிய போல்டர்கள் நினைவுக்கு வந்தன. ரெண்டு நாளில் தருகிறேன் என்று சொல்லி அவளை அனுப்பி வைத்தேன். அவள் நம்பிப் போனாள்.

திருநெல்வேலியில் அழிந்த படங்களை மீட்டுத் தரும் கடைக்கு ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுபோனேன். வெளிறிய போல்டர்கள் அதில் ஏறவே இல்லையே, அழித்தது பழைய கம்ப்யூட்டரில் அல்லவா, அது எங்கே என்று கேட்டார் கடைக்காரர். எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன் என்றேன். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, இப்போதெல்லாம் அது ஒரு விஷயமே இல்லை, அக்காவின் படம் ஒன்று இருந்தால் பக்கத்தில் நிறுத்திவிடலாம் என்றார். போனில் அக்கா ஒரு ஓரமாக விழுந்திருந்த படத்தைக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பிரிண்டே வந்துவிட்டது. மகள் பக்கத்தில் பட்டுச்சேலை கட்டி, நெற்றி நிறையக் குங்குமமும் தலை நிறையப் பூவுமாக ஒருத்தி பல் தெரியச் சிரித்தாள். கல்யாண வீட்டம்மா என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று கம்ப்யூட்டரே முடிவு செய்துகொண்டது போலிருக்கிறது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும், வரும் வழியெல்லாம் அதை நான் வெளியே எடுக்கவில்லை.

அக்கா அதை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். "இது யாரு?" என்று கேட்டாள். அதற்கு மேல் பொய் சொல்ல முடியாமல், நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். போகட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

போன வாரம் வருஷத் திதிக்குப் படம் மாட்ட வேண்டியிருந்தது. வெட்டிய படத்தையே பெரிதாக்கச் சொல்லி ரத வீதியில் சட்டம் போடுகிற கடையில் கொடுத்திருந்தோம். அக்காவும் கூட வந்தாள். பெரிதாக்கியதில் ஒன்று தெரிந்தது. அன்றைக்கு அவசரத்தில் நான் சரியாக வெட்டவில்லை. மகளின் முழங்கைக்கு மேலே நாலு விரல்கள் மிச்சம் இருந்தன. நகம்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

எங்களை முன்பின் தெரியாத கடைக்காரர் அதைச் சுட்டிக்காட்டினார். மாலை போடுகிற படத்தில் உயிரோடு இருக்கிறவர்கள் கை இருக்கக் கூடாது, ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுகிறேன் என்று மவுஸைப் பிடித்தார். அவர் சொன்னது ஊர் வழக்கம்தான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். இந்த முறையும் எனக்குக் குரல் வரவில்லை.

அக்காதான் பேசினாள். "எடுக்காதீய அண்ணாச்சி. அதுவும் செத்த ஆளு கைதான்."

"யாரு கை?" என்றார் அவர்.

"அவ அம்மா" என்றாள் அக்கா.

அவர் வருத்தப்பட்டுத் தலையை ஆட்டிவிட்டு, அப்படியே சட்டம் போட்டுக் கொடுத்தார்.