பேனல்மேல் போட்ட போர்வை

எங்கள் கடன் சங்கத்தில் வீடு வீடாகப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுகிறவளுக்கு ‘உரசல் அக்கா’ என்று பெயர். எதையும் உரசிப் பார்க்காமல் நம்ப மாட்டாள். டாக்டர் எழுதிய மருந்தை இன்னொரு டாக்டரிடம் காட்டுவாள். எதிர்மேசையில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். நான் நீட்டும் பேனாவைக்கூடக் கிறுக்கிப் பார்த்துத்தான் வாங்குவாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இளவயதில் ஒரு சீட்டுக் கம்பெனியை நம்பி, தெருவில் பதினான்கு வீடுகளைச் சேர்த்துவிட்டாள். முதலாளி கம்பி நீட்டிவிட்டான். அவள் மட்டும் சேரவில்லை. அப்போது கையில் காசில்லை. தெரு அதை இன்றுவரை நம்பவில்லை.

அப்படிப்பட்டவள் தலையில் வந்து விழுந்தது சூரிய மின்சாரத் திட்டம். ஒரு பெரிய நிதி அமைப்பு எங்கள் சங்கத்துக்குப் பணம் தரும். அதை நாங்கள் நாற்பது ஏழை வீடுகளுக்குப் பேனல் மாட்டக் குறைந்த வட்டிக்குக் கொடுக்க வேண்டும். சோதனைக்காகத் தையல்காரம்மா வீட்டில் ஒன்றை மாட்டியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் அக்காவின் அறிக்கை போகாவிட்டால் பணம் வேறு சங்கத்துக்குப் போய்விடும்.

“நம்மளைத் தேடி வந்து எதுக்குக் குடுக்கறாங்க? ஏதோ உள்குத்து இருக்கு தம்பி” என்று வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை தையல்காரம்மா வீட்டிலிருந்து அக்கா போன் செய்தாள். “எல்லாம் திருட்டு கரண்ட். கையெழுத்து கிடையாது.”

அலறியடித்துக்கொண்டு அங்கே ஓடினேன். மெயின் பியூஸைப் பிடுங்கி இடுப்பில் செருகியிருந்தாள். கூரையிலிருந்த பேனல்மேல் கம்பளிப் போர்வை. அப்படியும் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வெயிலே படாமல் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்பது அவள் கேள்வி.

பேனல் மாட்டிய எலக்ட்ரீசியன் தலையில் அடித்துக்கொண்டார். “அதுக்குத்தாங்க்கா பேட்டரி. நேத்து வெயில் அதுல சேந்திருக்கு.”

“இருக்கட்டும். எப்பத் தீருதுன்னு பாக்கறேன்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கூடச் சட்டைகளைத் தைத்துக்கொண்டே தையல்காரம்மா கெஞ்சினார். “கரண்ட் போய்ப் போய்த்தான் போன வருஷ ஆர்டர் கைவிட்டுப் போச்சு. இதையும் கெடுத்துடாதீங்க.” அக்கா பேட்டரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வீட்டு வாயில் மண்ணைப் போடப் போகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றரை மணிக்கு, ஒரு காலரின் பாதியில், மிஷின் நின்றது. அக்கா ஏறிப் போய்ப் போர்வையை எடுத்தாள். கால் மணி நேரம் ஆனது. மிஷின் மறுபடி ஓடியது.

இறங்கி வந்து என் பேனாவை வாங்கினாள். கிறுக்கிப் பார்க்காமலே அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள். பிறகு கடன் பட்டியலை எடுத்து முதல் வரியில் தன் பெயரை எழுதினாள்.

“அது தையல்காரம்மா இடமாச்சேக்கா” என்றேன்.

“அவங்க ரெண்டாவதா இருக்கட்டும். இந்தத் தடவை ஏமாந்தா, முதல்ல நான்தான் ஏமாறணும்.”